நல்ல கண்ணை மூட வேண்டும்

கடைக்கு மைக்ராஸ்கோப் வந்த அன்று டிஸ்ப்ளே அண்ணன் அதை யாரையும் தொட விடவில்லை. அவரே பெட்டியைப் பிரித்தார். அவரே தெர்மோகோலை உருவி ஓரமாக வைத்தார். அவரே மெல்லிய துணியால் துடைத்தார். போன் ரிப்பேர் கடை அவருடையது. எந்த போனை நீட்டினாலும் கையில் வாங்குவதற்கு முன்பே "டிஸ்ப்ளே போச்சு" என்று சொல்லிவிடுவதால் வந்த பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை.

"இனிமே எறும்புக்கு வயித்துவலின்னாக்கூட நாமளே ஆபரேஷன் பண்ணிரலாம். உக்காரும்மா. முதல்ல நீதான்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கடையில் நுணுக்கமான வேலையெல்லாம் அவளுடையது. போர்டில் கடுகில் பாதி இருக்கும் பாகத்தைப் பெயர்த்து இன்னொன்றை வைத்துச் சூடு காட்டி ஒட்டுகிற வேலை. இதுவரை கண்குழியில் செருகிக்கொள்ளும் ஒற்றை லென்ஸை வைத்துச் சமாளித்துவந்தாள். வலது கண்ணில். இப்போது இரண்டு குழாய்கள் இருந்தன. வலது குழாயில் வலது கண்ணை வைத்து, பழக்கத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, ரெண்டு குழா எதுக்கு வெச்சிருக்கான்? ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கா?"

இடது கண்ணைத் திறந்தாள். திறந்ததால் ஒன்றும் மாறவில்லை.

"மேடு பள்ளமாத் தெரியணும். ஏரோப்ளேன்லேர்ந்து ஊரைப் பாக்கற மாதிரி இருக்கும்னு வித்தவன் சொன்னான். தெரியுதா?"

"தெரியுதுண்ணா."

அன்று முதல் போர்டிலேயே சால்டரிங் முனை பக்கத்துப் பாகத்தைத் தொட்டுக் கருக்கியது. முனை மேலே நிற்கிறதா, தொட்டுவிட்டதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் டிஸ்ப்ளே அண்ணன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். வெகுநேரம் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நிற்பது அபூர்வம்.

"கை நடுங்கலை. ஆனா போக வேண்டிய எடத்துக்குப் போக மாட்டேங்குது. கொஞ்சம் திரும்பு. வலது கண்ணைப் பொத்திக்க. எதிர்ச் சுவத்துல என்ன இருக்கு?"

பொத்திக்கொண்டாள். சுவர் இருந்த இடத்தில் வெளிறிய வெளிச்சம் இருந்தது.

"கடிகாரம்."

"கடிகாரத்தை நேத்தே கழட்டிட்டேன்மா. ஓட மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. அவள்தான் லேசாகச் சிரித்தாள்.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாண்ணா. இடது கண்ணு சோம்பேறிக் கண்ணு. வைத்தியமெல்லாம் பாத்தாச்சு. அப்பா ஒரு வருஷத்துக்கு மேல கண்ணை மூடிப் பட்டை ஒட்டினாரு. வரலை."

"அது அப்போ. இப்ப என்னென்னமோ வந்திருச்சு. ஒரு தடவை போய்க் காட்டிட்டு வா. காட்டறதுக்கு என்ன கசக்குதா?"

அவளுடைய அப்பா வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். தெருவில் பெயிண்டர் என்றால்தான் தெரியும். அம்மா, அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே போய்விட்டாள். தலைவாருவது, ரிப்பன் கட்டுவது, நகம் வெட்டுவது என்று ஒவ்வொன்றாக அவர் கற்றுக்கொண்டார். ரிப்பன் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. பட்டை வசப்பட்டது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர், பிள்ளைக்கு ஒரு கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பியதும் மறுநாளே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்கு அங்கே கூட்டம் நெரிந்தது. டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார். ஒரு கண்ணை மூடி வைக்க வேண்டும், தினமும், விடாமல். இந்த வயதில் விட்டால் பிறகு கஷ்டம். பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். அவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

அதன்பிறகு ஒரு காலைகூட அவர் தவறவிட்டதில்லை. வேலைக்குக் கிளம்புமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்துவார். ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டிக் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி அழுத்துவார். சாயங்காலம் எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்க மாட்டார். ஈரம் காயாத பெயிண்டிலிருந்து டேப்பை உரிக்கிற மாதிரி, தோலோடு தோலாக, மெதுவாக. இடது புருவத்து முடி ஒன்றிரண்டு அப்படியும் கூட வந்துவிடும். அந்த இடத்தில் ஊதுவார்.

"என் பொண்ணு ஒரு நாள்கூட அழுததில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். "மத்த புள்ளைங்க பிச்சுப் போட்டுரும். இது அதோடயே ஓடும், படிக்கும், ஊசில நூல்கூடக் கோத்துரும்."

மற்றபடி பெருமை பேசிக்கொள்ள அவரிடம் அதிகம் இருக்கவில்லை. அடித்த வீடுகள் எல்லாம் அடுத்தவர்களுடையவை.

கண் டாக்டர் அவளைவிடச் சில வயது மூத்த பெண். வலது கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டியபோது முதல் எழுத்தே இவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"சின்ன வயசுல பட்டை போட்டாங்களா?"

"ஒரு வருஷத்துக்கு மேல. ஒரு நாள் விட்டதில்ல."

"பரவால்லையே. அழுது ஊரைக் கூட்டியிருப்பீங்களே."

"நான் அழவே இல்லைன்னு அப்பா இன்னும் சொல்லிட்டிருக்காரு."

டாக்டரின் பேனா நின்றது.

"எந்தக் கண்ணுல ஒட்டினாரு?"

அவள் இடது கண்ணைத் தொட்டாள்.

டாக்டர் மேசை விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினார். "நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இந்தப் புருவம் கொஞ்சம் சன்னமா இருக்கு பாருங்க. ஒட்டி ஒட்டி எடுத்ததுல."

"உங்க கண்ணுல கோளாறு எதுவும் இல்லம்மா" என்றார் டாக்டர். மெதுவாகச் சொன்னார். "ரெண்டு கண்ணு சொல்றதையும் மூளை கேக்கணும். உங்க மூளை இடது கண்ணு சொல்றதைக் கேக்காமலே வளந்திருக்கு. அதுக்குத்தான் பட்டை. நல்ல கண்ணை மூடிட்டா வேற வழியில்லாம மத்ததைக் கேக்கும். அப்படியே பழகும்."

"நல்ல கண்ணையா?"

"நல்ல கண்ணைத்தான்."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "இடதை மூடினா?"

"கேக்காமலே இருந்துரும்."

"மூடாமச் சும்மா விட்டிருந்தா?"

"அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்றார் டாக்டர். "இந்த வயசுல பட்டை போட்டுச் சிலருக்குக் கொஞ்சம் வருது. நிறைய பேருக்கு வர்றதில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன். பட்டை எழுதித் தர்றேன். வலது கண்ணை மூடிப் பாப்போம். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு. சில மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வரிசையில் ஒரு சின்னப் பெண் பட்டையைப் பிய்க்கப் போராடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கைகளையும் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டடமே அதிரும்படி அழுகை. அவள் அதைக் கடந்து போக முடியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். தானும் இப்படி அழுதிருக்க வேண்டும். அழுதிருந்தால் சரியான கண்ணில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஏன் என்று புரிந்தது. எதை மூடுவது என்று அப்பா கேட்காமல் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுவருக்கு அடிப்பதற்கு முன் எதை மூடுவது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. கெட்டுவிடக்கூடியதை மூடுவார்கள். ஜன்னல் கண்ணாடி, சுவிட்ச், கதவுக் கைப்பிடி. மூடினால் அதற்கு ஒன்றும் ஆகாது. வேலை முடிந்து உரித்தால் புத்தம்புதிதாக இருக்கும். அவருக்குத் தெரிந்த ஒரே பத்திரம் அதுதான். தன் பிள்ளையின் பலவீனமான கண்ணை அவர் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

வீட்டுக்குள் நுழையும்போது அவர் பின்பக்கம் குந்தி, பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க பாப்பா?"

வாய்வரை வந்தது. "மறுபடி பட்டை ஒட்டணுமாம்" என்றாள்.

அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே நெனச்சேன். இன்னும் கொஞ்ச நாள் ஒட்டியிருந்தா வந்திருக்கும். நாமதான் அவசரப்பட்டு விட்டுட்டோம். நான்தான் விட்டேன். உன்னை ஒண்ணும் சொல்லலை. இத்தன வருஷமா அது எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திட்டே இருக்கு."

அவளுக்கு அது தெரியாது. விட்டதற்காக ஒரு மனிதர் இவ்வளவு காலம் உள்ளுக்குள் நொந்திருக்கிறார். ஒட்டியதுதான் தப்பு என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். இப்போது அவள் அவரைவிட உயரம். "கொஞ்சம் குனி" என்றார். கை பழக்கத்தில் இடது கண்ணுக்குப் போனது.

"அப்பா."

"ஆடாத. சுருங்கிரும்."

ஒட்டிவிட்டார். விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரல் அழுத்தியது. கையில் சோப்பு வாசனையையும் மீறிக் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசனை இருந்தது. "வலிக்குதா?" என்றார். "அன்னிக்கும் நீ அழலை."

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து, இடது பட்டையை எடுத்துவிட்டு வலது கண்ணில் புதிதாக ஒன்றை ஒட்டிக்கொள்வாள். பிறகு கஞ்சித் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒரு தட்டில் கொட்டிய திருகாணிகளைப் பொறுக்கி, சின்னது பெரிது என்று பிரிப்பாள். பாதிக்குமேல் விரல்தான் பிரித்தது. வீட்டுக்குக் கிளம்புமுன் மறுபடி இடது கண்ணில் ஒட்டிக்கொள்வாள்.

"கடைக்குக் கொள்ளைக்காரி வந்திருக்கா, கல்லாவைப் பூட்டுங்கப்பா" என்றார் டிஸ்ப்ளே அண்ணன் முதல் நாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"காலைல வரும்போது இந்தப் பக்கம் இருக்கு. மத்தியானம் அந்தப் பக்கம் போயிருது. நானும் பாக்கறேன், பட்டை என்ன மூஞ்சில நடை பழகுதா?"

அவள் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சொல்லிரும்மா. பெரியவரு. புரிஞ்சுப்பாரு."

"புரிஞ்சுப்பாருண்ணா. அப்புறம் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?"

அவர் ஒரு திருகாணியை எடுத்து உருட்டினார். "அப்ப உன் கண்ணு?"

"மத்தியானம் போடறேன்ல."

"டாக்டரு எவ்வளவு நேரம் போடச் சொன்னாங்க?"

வேலை நேரத்தில் வலது கண் திறந்திருந்தாக வேண்டும். சாயங்காலமும் விடுமுறை நாளும் வீட்டில் கழிந்தன. வீட்டில் இடது கண் அப்பாவுடையது.

"சரி" என்று எழுந்தார் அவர். "எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்கப்பா கடைப்பக்கம் வந்தா டிஸ்ப்ளே பத்தி மட்டும் பேசறேன்."

மறுபடி ஆஸ்பத்திரி போகும் நாள் வந்தபோது அப்பா அவளுக்கு முன்னால் குளித்துத் தயாராக இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நகக்கண்ணில் மட்டும் யாரோ ஒருவர் வீட்டுப் பச்சை. கண்ணைக் காட்ட வேண்டும் என்று அன்று காலை மட்டும் அவர் பட்டை ஒட்டவில்லை.

"நீங்க எதுக்குப்பா? வேலை கெடும்."

"சுவரு எங்க போகப்போகுது? அங்கயேதான் நிக்கும். நானும் வர்றேன்."

"அங்க ரொம்ப நேரமாகும். கூட்டம்."

"அன்னிக்கும்தான் கூட்டம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்குமேல் தடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவள் டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். உள்ளே கூப்பிட்டபோது இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

டாக்டர் இருக்கையைக் காட்டினார். அப்பா நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் கறுப்பு மூடியை எடுத்து அவளுடைய வலது கண்ணை மறைத்தார்.

"டாக்டரம்மா" என்றார் அப்பா, மரியாதையாக. "அது இல்லீங்க. அந்தப் பக்கம்."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை மிக லேசாக அசைத்தாள். டாக்டருக்குப் புரிந்தது. "ரெண்டையும் மாத்தி மாத்தித்தான் பாப்போம்ங்க" என்றார். அப்பா சமாதானமாகிச் சாய்ந்துகொண்டார்.

முதல் எழுத்தை அவள் சொன்னாள். இரண்டாவது வரியில் ஒன்றைச் சொன்னாள், மற்றது தப்பு.

"கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா நேரம் பத்தலை. வீட்டுலயும் போட்டீங்கன்னா இன்னும் கொஞ்சம் வரலாம். இப்பவே விட்டா இவ்வளவுதான்."

"வீட்டுல போடறோமே" அப்பா முன்னுக்கு வந்துவிட்டார். "தினமும் நான்தான் ஒட்டறேன். காலைல ஒட்டினா ராத்திரிதான் எடுக்கறது. அன்னிலேர்ந்து என் கைதான்." சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். அவசரத் தேவைக்கென்று கொண்டுவந்திருந்தார் போல. பின்தாளை உரித்து, எப்படி என்று காட்ட மகளின் முகத்துக்குக் கொண்டுபோனார். இடது பக்கம்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அவள் மறுபடி தலையசைத்தாள். டாக்டர் இம்முறை அவளைப் பார்க்கவில்லை.

"ஐயா. நல்ல கண்ணைத்தான் மூடணும்."

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"எப்பவுமாங்க?"

"எப்பவும்."

"சின்னப் புள்ளையா இருந்தப்பவும்?"

"ஆமாங்க."

அவர் பட்டையைத் திரும்பத் தாளில் வைக்கப் பார்த்தார். தாள் கீழே விழுந்திருந்தது. பட்டை ஆட்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டது. மறு கையால் பிடுங்கினார். அந்த விரலில் ஒட்டியது. அதைப் பிடுங்கினார். பசை விடவில்லை. அவள்தான் எழுந்து எடுத்துவிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் நடக்கும்போது, "பட்டி சரியாத் தேய்க்காம அடிச்சிருக்கான்" என்றார், சுவரைப் பார்த்து. "உரிஞ்சு வருது பாரு." பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ் வந்தது. ஏறவில்லை. போயிற்று.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"எப்பலேர்ந்து?"

"போன தடவை வந்தப்ப."

"தெரிஞ்சேதான் தினமும் குனிஞ்சு நின்னியா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"திட்டியிருக்கலாம்ல பாப்பா" என்றார்.

அன்று அவர் சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். படுக்கப்போகும்போது பின்பக்கக் கதவு தாழிட்டிருக்கிறதா என்று வழக்கம்போல ஒரு தடவை போய்ப் பார்த்தார்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் குளித்துவிட்டுப் பட்டைப் பெட்டியோடு வந்தாள்.

"நீயே ஒட்டிக்க."

"எனக்குக் கோணலாப் போகும்பா."

"போகட்டும். நீ ஒட்டினாச் சரியான எடத்துல இருக்கும்."

அவள் பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் பெட்டியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்தார்கள், நிரம்பி வழிந்தது, நிறுத்தினார்கள். பிறகு அவர் எழுந்து போய்க் கை கழுவினார். குழாய் நீண்டநேரம் ஓடியது. வந்து ஒரு பட்டையை எடுத்து உரித்தார்.

"எது?"

"இதுப்பா." அவள் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"இதானே? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இதான்."

அவர் கை அந்தப் பக்கத்துக்குப் பழகியிருக்கவில்லை. ஒரு முனை மடங்கியது. உரித்து மறுபடி வைத்தார். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தபோது முன்புபோல அழுத்தவில்லை. கை விலகியது.

அவள் இடது கண்ணைத் திறந்தாள். ஜன்னல் ஒரு வெள்ளைப் பரப்பாக இருந்தது. அதற்கு முன்னால் அப்பா இருந்த இடத்தில் உயரமான ஒரு நிழல், மேல் பாதியில் சட்டையின் நிறம். முகம் எங்கே என்று தெரிந்தது. முகத்தில் என்ன என்று தெரியவில்லை.

"தெரியறேனா?"

"தெரியறீங்கப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

நிழல் அசையவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தமா, வெளியே வாளியை இழுக்கிற சத்தமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள். முகம் நெருங்கி வந்தது, தெளியவில்லை.

"அப்ப நான் என்ன பண்றேன் சொல்லு" என்றார்.

"சிரிக்கிறீங்க."

நிழலின் கை முகத்துக்குப் போய்த் துடைத்துவிட்டு இறங்கியது.

"ஆமா பாப்பா" என்றார்.